அகதிக்கு எதற்குச் சலுகை? கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வீடு கடலூர் முதுநகர், வேலை குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று காலையில் இருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். குறிஞ்சிப்பாடியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருப்பதால் அங்கிருந்தும் வருவார்கள். வரிசையில் நிற்கிறவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள், பேசுவார்கள். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், நானும் ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டே அரைகுறையாகப் பதில் சொல்கிறேன். அதனால்தான் எல்லாவற்றையும் உட்கார்ந்து முழுசாக எழுதிவிட்டேன்.

அகதி, வெளிமாநிலத் தொழிலாளி, வெளிநாட்டுக்காரர் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டால் அப்புறம் பேசுவது எல்லாமே தப்பாகிவிடும். பீகாரில் இருந்தோ ஒடிசாவில் இருந்தோ கடலூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வருகிறவர் இந்தியக் குடிமகன். நாட்டின் எந்த மூலையிலும் போய்த் தங்கலாம், பிழைக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவே சொல்கிறது. அவரை 'குடியேறி' என்பதே சரியில்லை. அகதி என்பவர் உயிருக்குப் பயந்து எல்லை தாண்டி வந்தவர். நம் பக்கத்தில் அப்படி வந்தவர்கள் பெரும்பாலும் இலங்கைத் தமிழர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாக மூன்று லட்சம் பேருக்கும் மேல் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள், இல்லையென்றால் வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள்.

இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. அதனால் சட்டத்தின் கண்ணில் இவர்கள் வெறும் வெளிநாட்டவர்கள். கிடைப்பது எல்லாம் அரசாணை மூலம் கிடைப்பதுதான்.

ஊரெல்லாம் அவர்கள்தானே இருக்கிறார்கள்? மொத்தம் எத்தனை பேர்?

2021இல் தமிழ்நாடு அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு சொந்தச் செலவில் வாடகைக்கு இருக்கிறவர்கள் சுமார் 34,000 பேர். இவர்களுக்கு மாதத் தொகை கிடையாது. தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே 7 கோடியே 21 லட்சம். அப்படியென்றால் ஆயிரம் பேரை நிறுத்தி எண்ணினால் முகாமில் இருக்கிறவர் ஒருவர்கூட வர மாட்டார்.

புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்த முகாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கீழ்புத்துப்பட்டு. அது விழுப்புரம் மாவட்டம், ஆனால் அங்கிருக்கும் ஆண்கள் பலர் வேலைக்கு வருவது புதுச்சேரிக்குத்தான். உங்கள் வீட்டுக்குச் சுண்ணாம்போ பெயின்டோ அடித்தவர் அங்கிருந்து வந்தவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

முகாமில் அவர்களுக்கு என்னதான் கிடைக்கிறது?

2021 ஆகஸ்டு 27 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தபடி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. அதற்கு முன்னால் 1,000, 750, 400 என்று இருந்தது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் மாதம் 3,500 ரூபாய். இதோடு அரிசி உண்டு, பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கலாம், கல்லூரிக்கு உதவித்தொகை உண்டு. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தரப் போவதாகவும் அப்போதுதான் அறிவித்தார்கள். பழைய வீடு என்பது பத்துக்குப் பத்து அறை. அதிலேயே சமையல், அதிலேயே பிள்ளையின் படிப்பு, அதிலேயே மகனுக்குக் கல்யாணம் ஆனால் நடுவில் புடவையைக் கட்டித் தடுப்பு.

கிடைக்காததையும் சொல்ல வேண்டும். ஓட்டு கிடையாது, இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது, அரசு வேலை கிடையாது, சொந்தப் பெயரில் நிலம் வாங்க முடியாது. பணம் கொடுக்கும் நாளில் வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வந்து ஆள் எண்ணும்போது நேரில் நிற்க வேண்டும். வெளியூர் வேலைக்குப் போய்த் தங்க வேண்டுமென்றால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

எல்லாம் நம் வரிப்பணம்தானே?

ஆமாம், பொதுப்பணம்தான். ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். முகாமில் இருக்கும் 58,822 பேருக்கும் ஆளுக்கு ஆயிரம் என்று வைத்தால்கூட மாதம் 6 கோடியைத் தொடாது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, தொடங்கும்போதே ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மேல் ஆளுக்கு ஆயிரம் என்று மாதம் ஆயிரம் கோடியைத் தாண்டியது. அது தேவையான திட்டம், எங்கள் அம்மாவும் வாங்குகிறார். நான் சொல்ல வருவது அளவு பற்றி மட்டும். 2021இல் வீடு, கல்வி, அடிப்படை வசதி எல்லாம் சேர்த்து முகாம்களுக்கு அறிவித்த மொத்தத் தொகையே 317 கோடி ரூபாய்தான்.

இன்னொன்று. அவர்களும் வரி கட்டுகிறார்கள். பெயின்ட் டப்பா வாங்கினால் அதில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதை வாங்குவது அகதியா குடிமகனா என்று கடைக்காரர் கேட்டா பில் போடுகிறார்? பஸ்ஸில் ஏறினால் டிக்கெட், வண்டிக்குப் பெட்ரோல் போட்டால் அதிலும் வரி. ஓட்டு மட்டும்தான் இல்லை.

நம் ஊர் ஏழைக்கே கிடைக்காதபோது வெளியில் இருந்து வந்தவருக்கு ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பெரும்பாலும் கேட்பவர், தனக்கு வரவேண்டியது வராமல் அலைந்துகொண்டு இருப்பவர்.

போன வருடம் ஒரு நாள். முகாமில் இருந்து ஒரு பெயின்டர் அண்ணன் வந்திருந்தார். மகள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள், அதற்காக ஆதாரில் புதுச் செல்பேசி எண் சேர்க்க வேண்டும். இயந்திரத்தில் கட்டைவிரலை வைக்கிறார், எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல், அதுவும் இல்லை. வருடக்கணக்காகத் தின்னரில் கை கழுவியவருக்கு ரேகை எங்கே மிஞ்சும்? துண்டில் துடைக்கிறார், தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டு மறுபடி வைக்கிறார். "தம்பி, இன்னொருக்கா வைக்கட்டோ?" என்று ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்டுத்தான் விரலையே நீட்டுகிறார். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ பச்சை விளக்கு எரிந்தது.

பின்னால் நின்ற ஒரு பாட்டி பொறுமை இழந்துவிட்டார். "ஏம்ப்பா, அகதிக்குன்னா எல்லாம் நடக்குது, எனக்கு நாலு மாசமா பணம் வரல, அதைப் பாக்க நாதி இல்ல" என்று சத்தமாகவே சொன்னார். அவர் குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்த குடும்பம். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருந்தது. அவருடைய காகிதங்களை வாங்கிப் பார்த்தால், வங்கிக் கணக்கில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். அவர் விரலையும் இயந்திரத்தில் வைத்தேன். தறியில் தேய்ந்த விரல், அதுவும் எடுக்கவில்லை.

பெயின்டர் அண்ணன் போகாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "அம்மா, தலையில தேச்சிட்டு வையுங்கோ, அப்ப எடுக்கும்" என்றார். பாட்டியும் அப்படியே செய்தார். எடுத்தது.

பாட்டியின் 1,200 ரூபாயை நிறுத்தியது முகாம் இல்லை, ஓர் எழுத்துப் பிழை. முகாமுக்குக் கொடுப்பதை நாளைக்கே நிறுத்தினாலும் அந்த எழுத்து தானாகத் திருந்தாது. எனக்குத் தெரிந்து இந்த மையத்துக்கு வரும் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட அகதியால் பணம் நின்றது கிடையாது. பெயர் வித்தியாசம், கணக்கு முடங்கியது, சரிபார்க்க ஆள் வரவில்லை, இவைதான் காரணம்.

அப்புறம், கடலூர்க்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு 2004 டிசம்பர் 26 ஞாபகம் வரும். தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு எல்லாம் ஒரே காலையில் போனது. தார்த்தாள் கொட்டகையில் மாதக்கணக்கில் இருந்தோம். அரிசி, போர்வை, மண்ணெண்ணெய் எல்லாம் வந்தது. அதைக் கையில் வாங்கும்போது எங்கள் அப்பா தலையைக் குனிந்துகொண்டுதான் வாங்கினார். கடலில் தினமும் உழைத்த மனிதர். நிவாரணம் வாங்குகிறவர் சோம்பேறி என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் குனிந்த தலைதான் தெரிகிறது.

வந்து நாற்பது வருடம் ஆகிவிட்டது. இங்கேயே பிறந்த பிள்ளைகள் இன்னும் எப்படி அகதி?

இதுதான் சரியான கேள்வி. சலுகையைப் பற்றி ஆயிரம் பேர் கேட்கிறார்கள், இதை எப்போதாவது ஒருவர்தான் கேட்கிறார்.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர் என்றால், ஒருவர் இந்தியராக இருந்தாலும் இன்னொருவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. படகில் உயிர் தப்பி வந்தவர் பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்துக்கொண்டா வருவார்? அதனால் அவர் சட்டப்படி சட்டவிரோதக் குடியேறி. அவருடைய மகளுக்கும், பேத்திக்கும் அந்தப் பெயரின் நிழல் விழுகிறது.

1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்தவர், நான் பிறப்பாலேயே இந்தியர் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், 2022இல் பாஸ்போர்ட் வழங்க உத்தரவு வாங்கினார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டும் போட்டார். சட்டத்தில் ஏற்கெனவே இருந்த உரிமையை வாங்கவே அவருக்கு நீதிமன்றம் தேவைப்பட்டது. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்த முகாம் பிள்ளைகளுக்கு, பெற்றோர் இருவரும் இலங்கையர் என்றால், அந்த வழியும் இல்லை.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், பாகிஸ்தான் மூன்று நாடுகளில் இருந்து வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டு இல்லாமல் இருப்பதற்காகத் தண்டனை இல்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு கொடுத்தது. நல்லது. ஆனால் அது குடியுரிமை இல்லை.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். நாம் கொடுக்கும் இந்த 1,500 ரூபாயும் அரிசியும், கொடுக்காமல் வைத்திருக்கும் ஒரு காகிதத்துக்குப் பதிலாகக் கொடுப்பது. அந்தக் காகிதம் கிடைத்தால் பொறியியல் படித்த பையன் பெயின்ட் பிரஷ்ஷைப் பிடிக்க மாட்டான், வங்கிக் கடன் வாங்கிக் கடை போடுவான், அவன் வீட்டுக்கு மாதத் தொகையே தேவைப்படாது. செலவு குறைய வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது குடியுரிமையைத்தான்.

ஆதார் இருக்கிறதே, அப்புறம் என்ன?

ஆதார் குடியுரிமைச் சான்று இல்லை. கடந்த 12 மாதத்தில் 182 நாள் இங்கே வசித்தவர் யாரும் வாங்கலாம்.

போர் முடிந்துவிட்டதே, ஏன் திரும்பிப் போகவில்லை?

போர் 2009 மே மாதம் முடிந்தது. அதற்குப் பிறகு ஐ.நா. அகதிகள் அமைப்பு மூலம் விரும்பிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. போகாதவர்களுக்குக் காரணம் பலவிதம். நிலம் இராணுவத்திடம் இருக்கிறது, வீடு இடிந்துவிட்டது, சொந்தக்காரர்கள் யாரும் மிஞ்சவில்லை. 2022இல் அங்கே பொருளாதாரம் சரிந்தபோது புதிதாகக் குடும்பங்கள் தனுஷ்கோடி மணல் திட்டில் வந்து இறங்கியதையும் பார்த்தோம்.

முகாம்களில் மலையகத் தமிழர்களும் நிறைய. இவர்களுடைய பாட்டன் பூட்டன் தேயிலைத் தோட்டத்துக்கு இங்கிருந்து போனவர்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்து போட்டது. அந்தக் கணக்கில் வரவேண்டிய குடும்பங்களில் சில, காகித வேலை முடிவதற்குள் கலவரம் வந்து அகதியாக வந்து சேர்ந்தன. அவர்களை எந்த ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்வது?

வடமாநிலத்தவர் நம் ரேஷனை வாங்கிப் போகிறார்களாமே?

ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. பீகாரில் அட்டை வைத்திருப்பவர் இங்கே வாங்கினால், அது அவருடைய ஊரில் அவருக்கென்று ஒதுக்கிய மத்திய அரசு உணவுப் பாதுகாப்புச் சட்ட அளவு. உங்கள் அட்டையில் இருந்து ஒரு கிலோ குறையாது. உண்மை என்னவென்றால், வாங்கலாம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. மொழி தெரியாமல் கடைக்குப் போகத் தயங்குகிறார்கள்.

'வடக்கன்' என்ற சொல்லை இப்போது சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள், காதுக்கு நன்றாகவே இல்லை. பம்பாயில் நம் ஆட்களை என்ன பெயர் சொல்லி விரட்டினார்கள் என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். 2023 மார்ச்சில் இங்கே பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பயத்தில் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறியவர்களும் உண்டு. பீகாரில் இருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்று போனது. நம்மைப் பற்றிப் பொய் சொன்னபோது நமக்கு எவ்வளவு வலித்தது!

வேலையைப் பறிக்கிறார்கள், கூலியைக் குறைக்கிறார்கள் என்பது பொய்யா?

முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். கட்டட வேலையில் உள்ளூர் கொத்தனார் கேட்கும் கூலியைவிடக் குறைவாக வர ஆள் இருந்தால், மேஸ்திரி அவரைத்தான் கூப்பிடுவார். இந்த வருத்தம் நியாயமானது. ஆனால் குறைந்த கூலி கொடுப்பது மேஸ்திரியும் காண்டிராக்டரும். வந்தவருக்கும் அதே கூலி, அதே நலவாரியப் பதிவு, அதே இழப்பீடு என்று ஆகிவிட்டால் அவரைக் கூப்பிடுவதில் லாபம் இருக்காது. வெளியூர்த் தொழிலாளிக்கு உரிமை இல்லாமல் இருப்பதுதான் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியை இழுக்கிறது.

புதுச்சேரியில் வெளியூர்க்காரர்களால் ஆஸ்பத்திரியில் இடமே இல்லை என்கிறார்களே?

இந்த இடத்தில் கடலூர்க்காரர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அந்த வெளியூர்க்காரர் நாம்தான். நெஞ்சுவலி என்றால் தென்பெண்ணையைத் தாண்டி ஜிப்மருக்குத்தான் ஓடுகிறோம். அதிகாலையில் கோரிமேட்டில் போய் நின்று பாருங்கள், கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் ஆட்கள் எத்தனை பேர் என்று. ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம், யாரும் வரலாம். ஆனாலும் 'தமிழ்நாட்டுக்காரங்க வந்து நிறைச்சிட்டாங்க' என்று உள்ளூர்க்காரர் ஒருவர் என் காதுபடச் சொல்லியிருக்கிறார். மடியில் தங்கச்சி மகனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகாம்காரர்கள் எங்கள் மையத்தின் வரிசையில் நிற்கும்போது முகம் எப்படி ஆகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பிரான்சில் இருக்கும் நம்மவர்கள் சலுகை வாங்குகிறார்களே, அது மட்டும் எப்படி?

புதுச்சேரிக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது இல்லை. 1962 ஆகஸ்டு 16 அன்று, புதுச்சேரியைப் பிரான்சு இந்தியாவிடம் ஒப்படைத்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். எடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள். பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா தாத்தாக்களுக்குப் பென்ஷன் இங்கேயே வந்தது, அதில் எத்தனை வீடுகள் எழும்பின! ஒரு காகிதம் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோகும் என்பதற்குப் புதுச்சேரியைவிட நல்ல உதாரணம் வேறு ஊரில் கிடைக்காது.

அங்கேயும் இதே பேச்சு உண்டு. வெளிநாட்டவர் சில குடும்ப உதவித்தொகைகளை வாங்க ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்று 2023 டிசம்பரில் பிரெஞ்சு நாடாளுமன்றம் சட்டம் போட்டது. வேலை செய்கிறவர் என்றால் காத்திருக்கும் காலம் குறைவு. 2024 ஜனவரி 25 அன்று அவர்களுடைய அரசியலமைப்பு மன்றம், கொண்டுவந்த முறை சரியில்லை என்று அந்தப் பகுதியை நீக்கியது. அந்த மாதம் முழுக்கப் பாரிஸில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் இதே பேச்சாகத்தான் இருந்ததாம். அவர் விசாவில் போனவர், குழந்தைக்கு இரண்டு வயது.

மக்கள் ஏன் இப்படி நினைக்கிறார்கள்?

2018இல் பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, சுவீடன், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 22,500 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். எல்லா நாட்டிலும் மக்கள், வெளியில் இருந்து வந்தவர்களின் எண்ணிக்கையை உண்மையைவிட மிக அதிகமாகச் சொன்னார்கள். வந்தவர்கள் உண்மையில் இருப்பதைவிட ஏழைகள், அரசு உதவியை நம்பியே இருப்பவர்கள் என்றும் நினைத்தார்கள். வந்தவர்களைப் பற்றி முதலில் யோசிக்க வைத்துவிட்டுக் கேட்டால், பொதுவாக ஏழைகளுக்கு அரசு உதவி செய்வதற்கான ஆதரவே குறைந்தது. இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அகதிக்குக் கொடுக்காதே என்ற பேச்சு கடைசியில் பாட்டியின் 1,200 ரூபாயில்தான் வந்து கைவைக்கும்.

ஆரோவில்லில் 1968இல் இருந்து எத்தனையோ நாட்டுக்காரர்கள் வாழ்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் 'வந்தேறி' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. தோல் நிறமும் கையில் இருக்கும் பணமும் எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்று அதிலேயே தெரிகிறது.

முகாமில் இருப்பவர் தெரிந்தவர், அவருக்கு நான் என்ன செய்ய முடியும்?

நிறைய இருக்கிறது. வாடகைக்கு வீடு கேட்டால் அகதி அடையாள அட்டையைப் பார்த்ததும் கதவைச் சாத்தாதீர்கள். உங்களுடைய கடையில் வேலை இருந்தால் மற்றவருக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தைக் கொடுங்கள். 1987 ஜூலைக்கு முன்னால் இங்கே பிறந்தவர் என்றால் பிறப்புச் சான்றைத் தேடி எடுக்க உதவி செய்யுங்கள், மருத்துவமனைப் பதிவோ பழைய முகாம் பதிவோ எதுவாக இருந்தாலும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றால் திருமணப் பதிவும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றும் ரொம்ப முக்கியம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம், கடலூரில் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது.

விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று. நாட்டினம் என்ற கட்டத்தில் அவசரத்துக்கு 'இந்தியர்' என்று போட்டுவிடாதீர்கள், பின்னால் பொய்த் தகவல் என்று அந்தப் பிள்ளையைத்தான் பிடிப்பார்கள். பெயின்டர் அண்ணனின் மகளுக்கு அந்தக் கட்டத்தில் வந்ததும் நான் நிறுத்தினேன். அவள் குறிஞ்சிப்பாடியிலேயே பிறந்தவள், வேறு ஊரைப் பார்த்ததே இல்லை. "என்ன போடட்டும்மா?" என்றேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் "இலங்கைன்னே போடுங்கண்ணா" என்று நம் ஊர்ப் பேச்சில் சொன்னாள்.